சேர்ப்பதும் விலக்குவதும் ஒரே சங்கிலிதான்

மாரி மழை ஓய்ந்த கையோடு வன்னிக் குளமொன்றில் ஒரு குடம் நீர் அள்ளி வைத்தால், மணலும் பருமண்ணும் சில நிமிடங்களில் அடியில் தங்கிவிடும். நீரின் செந்நிறம் மட்டும் தங்காது. அந்த நிறத்தைத் தருபவை களிமண் துணிக்கைகள். 2 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள களித்துணிக்கையொன்று 30 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கடந்து குடத்தின் அடியை அடைய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும் என்று, திரவத்தில் சிறு துணிக்கை இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்ரோக்சின் விதியைக் கொண்டு கணக்கிடலாம். விட்டம் பத்திலொன்றானால் வேகம் நூறிலொன்றாகிவிடும் என்பதால், 0.2 மைக்குரோமீற்றர்த் துணிக்கைக்கு அதே பயணம் மூன்று மாதங்களுக்கு மேல் நீளும். உண்மையில் மூன்று மாதத்திலும் அது இறங்கி முடிவதில்லை. நீர் மூலக்கூறுகள் இடைவிடாது மோதி அதை எல்லாத் திசைகளிலும் அலைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் அதே குடத்தின் உட்சுவரில் ஒரு தேத்தாங்கொட்டையைச் சிறிது நீர் விட்டு உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் அடியில் சேறும் மேலே தெளிந்த நீருமாகப் பிரிந்துவிடும். இது நம்மிடையே மிகப் பழைய வழக்கம். இவ்விதையைக் கலத்தில் தேய்த்துக் கலங்கிய நீரைத் தெளிவிப்பதைக் கலித்தொகைப் பாடலொன்று உவமையாகவே எடுத்தாள்கிறது. உரைத்ததில் கொட்டையிலிருந்து நீருக்குள் போனது கண்ணுக்குத் தெரியாத அளவு. அது கீழே இறக்கிய மண்ணோ அதைப்போலப் பல மடங்கு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பித்த காலம் முழுவதும் என்னை விடாது பிடித்திருந்த கேள்வி இதுதான்: இவ்வளவு சிறிய அளவு எப்படி இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது? இதற்கான விடை நீளமான மூலக்கூறுகள் துணிக்கைகளின் மேற்பரப்பில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் இருக்கிறது. அந்த விடையைத் தேடிப் போனால், துணிக்கைகளை ஒன்றுசேர்க்கும் மூலக்கூறே அளவும் சூழலும் மாறும்போது அவற்றை ஒன்றுசேர விடாமல் காவல் காக்கவும் செய்யும் என்ற இடத்துக்கு வந்து சேர்வோம். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

முதலில் களித்துணிக்கைகள் ஏன் தாமாகவே ஒட்டிக்கொள்வதில்லை என்று பார்க்க வேண்டும். இரண்டு துணிக்கைகள் மிக நெருங்கினால் அவற்றிடையே ஈர்ப்பு உண்டு. ஒட்டினால் பெருக்கும், பெருத்தால் விரைவாக இறங்கும். அவற்றை நெருங்க விடாமல் தடுப்பது மறையேற்றம். களியின் மேற்பரப்பு மறையேற்றம் உடையது. அதைச் சுற்றி நீரிலுள்ள நேரயன்கள் ஒரு முகில்போலத் திரண்டு நிற்கும். இரு துணிக்கைகளின் அயன் படைகள் ஒன்றையொன்று தொடும்போது அவை விலகிப் போகும். இந்த ஈர்ப்பையும் விலக்கத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து 1941இல் தெரியாகின், லண்டா என்ற இருவரும், பின்னர் 1948இல் வெர்வேயும் ஓவர்பீக்கும் தந்த கோட்பாடு இன்றும் இத்துறையின் அடித்தளமாக நிற்கிறது. அந்த அயன் படையின் தடிப்பு நீரிலுள்ள உப்பைப் பொறுத்தது. லீற்றருக்கு ஆயிரத்திலொரு மோல் சமையலுப்பு உள்ள நீரில் அது ஏறத்தாழ 10 நனோமீற்றர். கடல்நீரில் அரை நனோமீற்றருக்கும் குறைவு. வெள்ள நீர் கடலேரியைச் சேர்ந்ததும் அதன் களி படியத் தொடங்குவது இதனால்தான். அயனின் ஏற்றம் கூடினால் விளைவு பன்மடங்காகும்: கோட்பாட்டின்படி, சோடியத்தைப்போல 64இல் ஒரு பங்கு கல்சியமே அதே வேலையைச் செய்யப் போதும், மூவேற்றமுள்ள அலுமினியத்துக்கு 729இல் ஒரு பங்கு போதும். அலுமினியம் கொண்ட படிகாரம் நீரைத் தெளிவிப்பதில் இதற்கும் பங்குண்டு. ஆயினும் தேத்தாங்கொட்டையின் வேலையை உப்புக் கணக்கால் விளக்க முடியாது.

அக்கொட்டையில் உள்ளது உப்பல்ல. வெல்ல அலகுகள் ஒன்றோடொன்று கோத்த பல்பகுதியச் சங்கிலிகள், குறிப்பாகக் கலக்றோசும் மன்னோசும் கொண்டவை. இத்தகைய நெடுஞ்சங்கிலி நீரில் கம்பிபோல நிமிர்ந்து நிற்பதில்லை. தளர்ந்த சுருளாகக் கிடந்து ஓயாமல் உருமாறிக்கொண்டிருக்கும். பத்து இலட்சக் கணக்கில் மூலக்கூற்றுத் திணிவுள்ள ஒரு செயற்கைச் சங்கிலியின் சுருள் நூறு நனோமீற்றரையும் தாண்டும். துணிக்கையொன்றின் மேற்பரப்பைச் சந்திக்கும்போது அது முழுதாகப் படுத்துவிடாது. சில பகுதிகள் மேற்பரப்பைத் தொட்டபடி கிடக்க, இடைப்பகுதிகள் வளையங்களாக நீருக்குள் எழும்பி நிற்க, இரு முனைகளும் இன்னும் தொலைவுக்கு நீண்டிருக்கும். ஒவ்வொரு தொடுகையும் பலவீனமானது. வெப்ப அசைவே அதைக் கழற்றிவிடப் போதும். ஆனால் தொடுகைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அனைத்தும் ஒரே கணத்தில் கழல்வது நடவாது. கரைவலை இழுக்கும்போது வரிசையில் ஒருவர் கை தளர்ந்தாலும் கயிறு நழுவாதிருப்பதை நம் கடற்கரைகளில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இனி அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். விலக்கம் செயற்படுவது 10 நனோமீற்றருக்குள். சங்கிலியின் வளையங்களும் முனைகளும் அதற்கு வெளியே வரை நீள்கின்றன. ஆகவே இரு துணிக்கைகள் ஒன்றையொன்று விலக்கும் தூரத்தில் நிற்கும்போதே, ஒன்றிலிருந்து நீண்ட சங்கிலி மற்றதன் வெறுமையான இடத்தில் பற்றிக்கொள்ளும். அயன் படையைக் குலைக்காமலேயே அதைக் கடந்து ஒரு பாலம் விழுந்துவிடுகிறது. இந்தச் சங்கிலிகளும் களியைப் போலவே மறையேற்றம் உடையவையாயின் எப்படி ஒட்டும் என்று கேட்கலாம். ஐதரசன் பிணைப்புகள் ஒருபுறம் உதவ, கல்சியம் அயன் ஒரு கையால் களியையும் மறுகையால் சங்கிலியையும் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழும் நமக்கு அந்த அயனுக்குப் பஞ்சமில்லை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி.

பாலம் விழ ஒரு நிபந்தனை உண்டு: மற்றத் துணிக்கையில் வெறுமையான இடம் இருக்க வேண்டும். பல்பகுதியம் கூடிப்போனால் எல்லாத் துணிக்கைகளும் முழுதாக மூடப்பட்டுவிடும். எந்தச் சங்கிலிக்கும் போய்ப் பற்ற இடமிராது. மேற்பரப்பில் பாதியளவு மூடியிருக்கும்போது திரட்டல் உச்சத்தில் இருக்கும் என்று அமெரிக்க இரசாயனவியலாளர் லா மேர் 1960கள் அளவில் காட்டினார். அதைத் தாண்டி ஊற்ற ஊற்றக் கலங்கல் குறையாது. மாறாக நிலைத்து நிற்கும். “கூடப் போட்டால் கூடத் தெளியும்” என்ற எண்ணம் மாணவரிடம் மிக இயல்பாக எழுவது. இந்த ஒரு பரிசோதனையைக் கண்ணால் பார்த்த பிறகு அது எழுவதில்லை.

அப்பரிசோதனைக்குத் தேத்தாங்கொட்டையைவிட முருங்கை விதையே வசதியானது, யாழ்ப்பாணத்தில் முருங்கை இல்லாத வளவு அரிது. மரத்திலேயே முற்றி உலர்ந்த காயை உடைத்தால் மூன்று சிறகுகளுள்ள விதைகள் கிடைக்கும். கோதை நீக்கினால் வெள்ளைப் பருப்பு. அதை இடித்து, சிறிது நீரில் கரைத்து, துணியில் வடித்துப் பால்போன்ற அந்த நீரைக் கலங்கல் நீரில் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் விரைவாகவும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கினால், முதலில் ஒன்றும் நடவாததுபோலத் தோன்றும். பிறகு ஒரு கட்டத்தில் ஒரே சீராக இருந்த செம்மை புள்ளி புள்ளியாக உடையும். புள்ளிகள் பெருத்துத் திரளாகும். திரள்களுக்கு இடையில் தெளிந்த நீர் கண்ணில் படும். கலக்குவதை நிறுத்திச் சற்று நேரத்திலேயே திரள்கள் இறங்கத் தொடங்கிவிடும். மெதுவாகக் கலக்க வேண்டியது ஏனென்றால், துணிக்கைகள் சந்திக்கவும் வேண்டும், உருவான தளர்ந்த திரள்கள் உடையாமலும் இருக்க வேண்டும். வகுப்பில் ஐந்தாறு குவளைகளை வரிசையாக வைத்து, கரைசலின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஊற்றினால் நடுவிலுள்ள குவளைகள் தெளிந்தும் இரு ஓரங்களிலுள்ளவை கலங்கியும் நிற்கும். கடைசிக் குவளை ஏன் கலங்கியிருக்கிறது என்று மாணவர் தாமே கேட்கத் தொடங்குவதுதான் அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த கணம்.

முருங்கை விதையில் வேலை செய்வது நெடுஞ்சங்கிலி வெல்லமன்று, ஒரு சிறிய புரதம். அதன் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 13,000. அதன் சமமின்புள்ளி, அதாவது நிகர ஏற்றம் இல்லாமற் போகும் இடம், பீ.எச். 10க்கு மேல் இருப்பதால், குளத்து நீரின் பீ.எச். பெறுமானத்தில் அது வலுவான நேரேற்றம் கொண்டிருக்கும். மறையேற்றமுள்ள களியில் அது ஒட்டும்போது அந்த இடம் மட்டும் நேரேற்றத் திட்டாகிறது. ஒரு துணிக்கையின் திட்டு அடுத்த துணிக்கையின் வெறுமையான இடத்தை இழுக்கிறது. அளவு மிஞ்சினால் மேற்பரப்பு முழுவதுமே நேரேற்றமாகிவிடும். துணிக்கைகள் மறுபடி ஒன்றையொன்று விலக்கும். பாலம் கட்டும் சங்கிலியும் ஏற்றத்தைச் சமன் செய்யும் புரதமும் வழி வேறானாலும் அளவின் விடயத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. உப்பு நீரில் இடித்துக் கரைத்தால் விதையிலிருந்து இந்தப் புரதம் அதிகமாகக் கரைந்து வரும் என்பதும் செய்து பார்க்கத்தக்கது. உப்பு அயன்கள் புரத மூலக்கூறுகளிடையேயான பிடியைத் தளர்த்திவிடுகின்றன.

சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் இவ்வகை விதைகளால் தெளிவிப்பதைச் சாமியா அல் அஸ்ஹாரியா யான் என்ற ஆய்வாளர் 1970களில் பதிவுசெய்த பிறகே உலக ஆய்வுகூடங்கள் முருங்கையைக் கவனித்தன. ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: தெளிந்த நீர் எல்லாம் குடிநீராகிவிடாது. விதையிலிருந்து புரதத்தோடு வேறு சேதனப் பொருட்களும் நீருக்குள் போகின்றன; நீரை வைத்திருந்தால் அவை பற்றீரியா வளர உணவாகும். கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், உடனே பயன்படுத்தவும் வேண்டும். இதற்கு மாற்றாகப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் அழகான வழியை வெளியிட்டார்கள்: விதைக் கரைசலை மணலோடு சேர்த்து, புரதம் மணலில் ஒட்டிய பிறகு எஞ்சியவற்றைக் கழுவி விடுவது. நேரேற்றம் பெற்ற மணல் களியையும் பற்றீரியாவையும் பிடித்துக்கொள்ளும், வேண்டாத பொருட்களோ கழுவிய நீரோடு போய்விடும். மணலுக்கும் முருங்கைக்கும் குறைவில்லாத நமது பகுதியில் இதைப் பாடசாலை மட்டத்திலேயே செய்து பார்க்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதுவரை சேர்க்கும் வேலையைப் பார்த்தோம். காவல் காக்கும் வேலையை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் மைக்கேல் பரடே. 1857இல் அவர் தங்கத்தை நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளாக நீரில் பரப்பிச் செம்மாணிக்க நிறக் கரைசல்களைச் செய்தார். அவற்றில் சிறிது உப்பை இட்டாலே துணிக்கைகள் ஒட்டிக்கொள்ள, சிவப்பு நீலமாகும். ஜெலற்றின் சேர்த்தால் அந்த நிறமாற்றம் தடைபடுவதை அவர் கண்டார். 1901இல் றிச்சாட் சிக்மொண்டி அதை எண்ணாக்கினார்: 10 மில்லிலீற்றர் தங்கக் கரைசலில் 1 மில்லிலீற்றர் 10 சதவீத உப்புக் கரைசல் சேரும்போது நிறம் மாறுவதைத் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் வேண்டும் என்பதே அந்தத் தங்க எண். ஜெலற்றினுக்கு அது 0.005 முதல் 0.01 வரை; அராபியப் பிசினுக்கு 0.15 முதல் 0.25 வரை, உருளைக்கிழங்கு மாப்பொருளுக்கு 25 அளவில். புரதமான ஜெலற்றின் மாப்பொருளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு திறமையான காவலாளி என்பது இதன் பொருள். சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எனக்கு அந்த அட்டவணையைவிட முக்கியமாகப்படுவது அதன் அருகே பல நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் செய்தி: காப்பதற்குப் போதாத மிகச் சிறிய அளவில் ஜெலற்றினைச் சேர்த்தால், தங்கக் கரைசல் உப்புக்கு முன்னைவிட எளிதில் குலைந்துபோகும். அரைகுறையாக மூடியபோது ஜெலற்றின் பாலம். முழுதாக மூடியபோது அதுவே கவசம்.

கவசமாகும்போது என்ன நடக்கிறது? முழுதாக மூடிய இரு துணிக்கைகள் நெருங்கினால் அவற்றின் வளையங்களும் முனைகளும் ஒன்றோடொன்று நெருக்குண்ண வேண்டும். சங்கிலிகளுக்கு உருமாறுவதற்கான இடம் குறையும், எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையும். இடையிலுள்ள நீரும் வெளியேற்றப்பட வேண்டும். நல்ல கரைப்பானில் இவை இரண்டும் துணிக்கைகளைத் தள்ளி விலக்கும். இந்த விலக்கம் மின்னேற்றத்தைச் சாராதது என்பதால் உப்பு அதை எளிதில் குலைக்காது. விளக்குப் புகைக் கரியோடு பிசினைக் குழைத்து மை செய்த பழங்காலத்தவர், கரித்துணிக்கைகள் மாதக்கணக்கில் படியாதிருக்க வைத்ததும் இதே வழியில்தான்.

எங்கள் வீட்டில் இந்தக் கவசத்தின் பலவீனத்தைக் கற்பித்த இடம் சொதிச் சட்டி. யாழ்ப்பாணத்துச் சொதியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கப்பிப்பாலில், அதாவது பின்னர் பிழிந்த நீர்த்த பாலில், வெந்த பிறகே முதற்பால் விடப்படும். அப்போது அம்மா சொல்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “இனி அங்காலை இங்காலை போகாதை பிள்ளை, துழாவிக்கொண்டு நில். ஒரு கொதி வரேக்கை இறக்கிப்போடு, இல்லாட்டித் திரைஞ்சுபோடும். தேசிக்காய் இறக்கினாப் பிறகுதான்.” இந்த மூன்று வாக்கியங்களில் உள்ள ஒழுங்கு தற்செயலானது அன்று.

தேங்காய்ப்பாலில் கொழுப்பு நுண்துளிகளாக நீரில் பரவியிருக்கிறது. துளிகளைச் சுற்றிப் படிந்து அவற்றைப் பிரித்து வைத்திருப்பவை தேங்காயின் புரதங்கள். பாலின் பீ.எச். 6 அளவில் இருக்கும்போது அப்புரதங்கள் மறையேற்றம் கொண்டவை. 4ஐ அண்மிக்கும்போது நேரும் மறையும் சமன்பட்டு, நிகர ஏற்றம் இல்லாமற் போகும். ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால், மடிந்திருந்த புரதச் சங்கிலி குலைந்து, நீரை விரும்பாத உட்பகுதிகள் வெளியே வரும். ஒரு துளியின் புரதம் அடுத்த துளியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். காவல் நின்றதே பாலமாகிவிடுகிறது. துழாவுவது சட்டியின் அடியில் மட்டும் சூடு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும். முதற் கொதியில் இறக்குவது குலைந்த புரதம் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும் நேரத்தைக் குறைக்கும். தேசிக்காய்ப்புளியைப் பிந்தி விடுவது, ஏற்றத்தைக் குறைக்கும் அமிலமும் மடிப்பைக் குலைக்கும் வெப்பமும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும். தேங்காய்ப்புரதம் அவ்வளவு வலிய காவலாளி அன்று. பிழிந்த பாலைச் சும்மா வைத்தாலே சில மணி நேரத்தில் கொழுப்பு மேலே ஒதுங்கிவிடும். கடைகளில் விற்கும் தேங்காய்ப்பால் மாப் பைக்கற்றுகள் பலவற்றின் பின்புறத்தை வாசித்தால் சோடியம் கேசினேற்று என்ற பெயரைக் காணலாம். அது மாட்டுப்பாலின் புரதம். தேங்காய்க் கொழுப்பைக் காக்க இரவலாக வாங்கப்பட்டது.

மாட்டுப்பாலில் நிலைமை வேறு. அதன் கேசின் புரதங்கள் ஆயிரக்கணக்கில் கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து 50 முதல் 500 நனோமீற்றர் வரை விட்டமுள்ள உருண்டைகளாக இருக்கின்றன. உருண்டையின் வெளிப்புறத்தில் கப்பா கேசின் என்ற புரதத்தின் முனைகள், மறையேற்றத்துடன், சில நனோமீற்றர் நீளத்துக்கு மயிர்ப்படலமாக எழும்பி நிற்கின்றன. அந்தப் படலம் இருக்கும்வரை பால் கொதித்தாலும் திரையாது. பாற்கட்டி செய்பவர்கள் பயன்படுத்தும் கைமோசின் நொதியம் கப்பா கேசினின் 105ஆம் 106ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையில், அந்த ஒரே பிணைப்பில், வெட்டும். மயிர்கள் உதிர்ந்ததும் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். உறை ஊற்றிய பாலில் வெட்டு இல்லை. பற்றீரியா உண்டாக்கும் இலற்றிக் அமிலம் பீ.எச். பெறுமானத்தைக் குறைக்கக் குறைய மயிர்களின் ஏற்றம் போய் அவை சரிந்துவிடும், 4.6ஐ அண்மிக்கையில் தயிர் இறுகும். உறை ஊற்ற முன் பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும் என்ற வழக்கத்துக்கும் புரதத்திலேயே காரணம் இருக்கிறது. காய்ச்சும்போது மோர்ப்புரதமான பீற்றா இலற்றோகுளோபுலின் குலைந்து, கந்தகப் பிணைப்பால் கப்பா கேசினோடு சேர்ந்துவிடும். உறையும்போது அதுவும் வலையின் பகுதியாகித் தயிரைக் கட்டியாக்கும். தேங்காய்ப்பாலைக் கெடுக்கும் அதே வெப்பம் மாட்டுப்பாலின் தயிரை நன்றாக்குகிறது.

இரசாயன வரலாற்றில் இந்தப் பொருட்களுக்கு ஒரு நீண்ட குழப்பம் இருந்தது. 1861இல் தோமஸ் கிரகாம் கூழ்மங்களை, அதாவது நீரில் நுண்ணியதாகப் பரவி நிற்கும் பொருட்களை, தனி வகையாகப் பிரித்தபோது அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஜெலற்றினும் பிசினும் முட்டை வெண்கருவும் இருந்தன. அவை தோற்றாளின் ஊடாகக் கசிந்து போகாதவை. இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பெரிய மூலக்கூறுகள் என்பதை அன்று எவரும் அறியவில்லை. சிறு மூலக்கூறுகளின் தளர்ந்த திரள்கள் என்றே அடுத்த அறுபது ஆண்டுகள் பலரும் நம்பினார்கள். 1920இல் ஹேர்மன் ஸ்ரவுடிங்கர் அவை உண்மையான பிணைப்புகளால் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்று வாதிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நோபல் பரிசு அவரை 1953இல்தான் வந்தடைந்தது. ஸ்வெட்பேர்க் அதிவேக மையநீக்கியில் ஈமோகுளோபினைச் சுழற்றி அதற்கு ஒரே திட்டமான திணிவு உண்டென்று 1920களில் காட்டியது அந்தத் திருப்பத்தில் பெரும் பங்கு வகித்தது. திரள் வேறு, சங்கிலி வேறு என்று தெளிந்த பிறகே, சங்கிலி திரளுக்கு என்ன செய்கிறது என்று கேட்கவே முடிந்தது.

புரதங்கள் மேற்பரப்பில் ஒட்டினால் ஒட்டியபடியே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தத் திரவவிழையம் (பிளாஸ்மா) கண்ணாடியைத் தொட்டதும் அதிக அளவில் உள்ள, விரைவாக வந்து சேரும் புரதங்கள் முதலில் படியும். பின்னர் வருபவை, வலுவாகப் பற்றக்கூடியவை, அவற்றை இடம்பெயர்க்கும். இரத்தம் உறைய உதவும் புரதமான பைபிரினோஜன் வந்து படிந்து, அதுவும் சில நிமிடங்களில் வேறொன்றுக்கு இடம்விடுவதை 1962இல் லியோ வ்ரோமன் எழுதினார். நெதர்லாந்திற் பிறந்து நியூயோர்க்கில் பணியாற்றிய இந்த இரத்தவியலாளர் டச்சு மொழியின் பெரும் கவிஞர்களில் ஒருவர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. இரத்தத்தில் புகும் எந்த நனோ துணிக்கையும் உடனே இத்தகைய புரதப் போர்வையை உடுத்திக்கொள்ளும். உடல் காண்பது துணிக்கையை அல்ல, போர்வையை. கொவிட் காலத்துத் தூது ஆர்.என்.ஏ. (mRNA) தடுப்பூசிகளின் கொழுப்புத் துணிக்கைகளில் பொலி எதிலீன் கிளைக்கோல் சங்கிலிகள் சிறு அளவில் பொருத்தப்பட்டிருந்தது இந்தப் போர்வையைக் குறைக்கவும், குப்பிக்குள் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும்தான்.

இதுவரை பார்த்தவை எல்லாம் மேற்பரப்பில் ஒட்டும் சங்கிலிகள். ஒட்டாத சங்கிலியும் துணிக்கைகளைச் சேர்த்துவைக்கும் என்பதை 1954இல் நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசக்குராவும் ஊசாவாவும் காட்டினார்கள். இரு துணிக்கைகள் சங்கிலிச் சுருளின் விட்டத்தைவிடக் குறைந்த இடைவெளிக்கு நெருங்கினால் சுருளால் அந்த இடைவெளிக்குள் புக முடியாது. உள்ளே சுருள் இல்லை, வெளியே உண்டு. ஆகவே வெளியிலிருந்து வரும் பிரசாரண (சவ்வூடுபரவல்) அமுக்கம் இரண்டையும் ஒன்றாகத் தள்ளும். எந்த ஈர்ப்பும் இல்லாத இடத்தில் வெறும் எந்திரப்பி ஓர் ஈர்ப்பை உண்டாக்குகிறது. இத்துறையில் நான் படித்தவற்றுள் இதைவிட வியப்பானது வேறில்லை.

இது நடக்கக்கூடிய இடமொன்று நம்முள் பலர் கையில் வாங்கிப் பார்த்த ஓர் அறிக்கையில் இருக்கிறது. காய்ச்சலோ மூட்டுவலியோ என்று போனால் வைத்தியர் எழுதித் தரும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனையில், உறையாதபடி செய்த இரத்தத்தை நிமிர்ந்த குழாயில் விட்டு, ஒரு மணி நேரத்தில் செங்குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். சுவீடனைச் சேர்ந்த பாரேயசும் வெஸ்ரகிறீனும் 1920களை ஒட்டி நிலைநாட்டிய முறை இது. செங்குழியங்களும் களியைப் போலவே மறையேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குபவை. அழற்சியின்போது ஈரல் அதிகமாகச் சுரக்கும் பைபிரினோஜன், ஏறத்தாழ 45 நனோமீற்றர் நீளமுள்ள புரதம், அவற்றை நாணய அடுக்குகளாகச் சேரச் செய்கிறது. அடுக்குகள் தனிக் குழியத்தைவிட விரைவாக இறங்குகின்றன. அறிக்கையில் கூடிய எண் என்பது உண்மையில் ஒரு புரதத்தின் அளவு கூடியதை ஒரு கூழ்மம் படியும் வேகமாக வாசிப்பது.

அந்தப் புரதம் குழியங்களைச் சேர்ப்பது பாலம் கட்டியா, அல்லது இடைவெளிக்குள் புக முடியாமல் வெளியிலிருந்து தள்ளியா என்பது இன்னும் முடியாத விவாதம். டெக்ஸ்றன் என்ற நீண்ட வெல்லச் சங்கிலியைச் சேர்த்தாலும் குழியங்கள் அதேபோல அடுக்காகும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அடுக்குவது ஓர் உச்சத்துக்கு வந்து மறுபடி குறையும். பாலம் என்பவர்கள், மேற்பரப்பு நிறைந்துவிட்டதால் குறைகிறது என்பார்கள். தள்ளல் என்பவர்கள், செறிவு கூடியபோது சுருள்கள் நெருக்குண்டு குழியத்தின் வெளிப்படலத்துக்குள்ளும் புகுந்துவிடுவதால் குறைகிறது என்பார்கள். இரு கோட்பாடுகளும் ஒரே வளைகோட்டைத் தருவதால் அந்த வளைகோட்டைக் கொண்டு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது. இரு குழியங்களுக்கு இடையிலுள்ள அந்தச் சில நனோமீற்றர் இடைவெளியில் சங்கிலி இருக்கிறதா இல்லையா என்று நேரே அளந்தால்தான் முடியும்.